வெள்ளவத்தையில் உண்ணலும் பருகலும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்த காலை, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதிர்பார்த்தது யாதென்பதை யாம் அறியாதவரல்லோம். இலக்கணத்தின் இன்றியமையாமை, இளைஞரின் மொழிப்பற்று என்றவாறான பொருளையே அவர்கள் நாடியிருப்பர். அவை பற்றி எழுத வல்லார் இம்மலரிற் பலருளர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ வயிறு பற்றியது. கல்லூரி விட்டதும் காலி வீதிவழியே நடந்து, வடை மணக்கும் போசனசாலைகளின் வாயிலில் நின்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்த நண்பர்கள் இதனை இகழமாட்டார்கள் என்னுந் துணிவே எமக்குத் துணை.

இன்று யாம் வாழ்வது கடலில்லாத மாகாணத்தில். சப்பிரகமுவவின் இரத்தினபுரி மாவட்டத்தில், பாதி தேயிலையும் பாதி இறப்பருமான தோட்டமொன்றின் பாடசாலையிலே தமிழ் கற்பிக்கின்றோம். இரத்தினபுரிக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீற்றர். களனிப் பள்ளத்தாக்குச் சிறு புகைவண்டி 1912ஆம் ஆண்டு முதல் இரத்தினபுரி வரை ஓடியது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் அதனை நிறுத்திவிட்டனர். ஆதலால் எமக்குப் பஸ் ஒன்றே கதி. புத்தகம் வாங்கவும், விடைத்தாள் திருத்தவும், கண் வைத்தியரைக் காணவும் ஆண்டில் மூன்று நான்கு முறை கொழும்பு செல்வோம். இருளோடு புறப்பட்டு, கிருலப்பனையில் இறங்கி, பாமன்கடை வழியே வெள்ளவத்தையை அடையும்போது காலையுணவு வேளை சற்றே கடந்திருக்கும். இதனால் வெள்ளவத்தையை யாம் எப்பொழுதும் பசியோடுதான் பார்த்திருக்கின்றோம் எனல் தகும்.

'வெள்ளவத்தை' என்னும் பெயருக்கு வெள்ளம், வெள்ளை என்றெல்லாம் பொருள் விரிக்கும் தமிழன்பர் உளர். அது சிங்களச் சொல். 'வெல்ல' மணல், 'வத்த' தோட்டம். மணற்றோட்டம் என்க. தோட்டம் என்ற சொல் நாம் எங்குச் சென்றாலும் எம்மைப் பின்தொடர்கின்றது போலும்! நெடுக ஓடுவது காலி வீதி. அதிலிருந்து கடலை நோக்கி இறங்குவன ஒழுங்கைகள். அவற்றின் முடிவில் மரீன் டிரைவ், அதற்கப்பால் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கருங்கற்கள், ஒரு முழ மணல், பின் கடல். 'சின்ன யாழ்ப்பாணம்' என்று கூறும் அளவுக்கு வடபுலத்தார் இங்கே செறிந்து வாழ்வதால், சைவ போசனசாலைகளும் செறிந்தன. 1983 ஆடிக் கலவரத்தில் இப்பகுதித் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்தவற்றுட் பல மீண்டும் எழுந்தன. கொழும்பில் தமிழன் முதலில் மீளக் கட்டுவது அடுப்பை என்று எம் தாய்மாமனார் சொல்லுவார்.

அவரை இங்கே குறிப்பிடாது மேலே செல்லல் இயலாது. 1981 ஆவணியில் இரத்தினபுரித் தோட்டங்களிலே லயங்கள் தாக்கப்பட்ட காலத்தில், பால்வெட்டும் கத்தியைப் போட்டுவிட்டுக் கொழும்பு வந்தவர் அவர். வெள்ளவத்தையிற் சைவ போசனசாலை ஒன்றில் மாவரைக்கும் வேலை கிடைத்தது. இரண்டாண்டில் அந்தக் கடையும் எரிந்தது. அகதி முகாமிற் சில வாரம் இருந்தார். யாழ்ப்பாணத்தவர் பலர் கப்பலேறித் தம் ஊர் சேர்ந்தனர். இவருக்குத் திரும்பிச் செல்ல ஊரென்று ஒன்று இருக்கவில்லை. கடை திறந்ததும் முதலாளி ஆளனுப்பி அழைத்தார். பழைய உரலின் முன்னே மீண்டும் அமர்ந்தார். 1996 முதல் 1998 வரை யாம் பம்பலப்பிட்டியில் எமது கல்லூரியில் உயர்தரம் பயின்றபோது, படுத்துறங்கியது அக்கடையின் மேல்மாடியில், பணியாளரோடு.

அந்த மாடியிற் படுத்த பதின்மரில் எண்மர் தோட்டத்துப் பிள்ளைகள். பலாங்கொடை, கஹவத்தை, யட்டியாந்தோட்டை, தெரணியகலை என ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம். இதனைக் காலி வீதியில் உண்ட எம் வகுப்புத் தோழர் அறியார். அவர்கள் கண்டது யாழ்ப்பாணத்து முதலாளியையும் பெயர்ப்பலகையையுமே. அதிகாலை மூன்று மணிக்கு எழும் ஒலியை அவர்கள் கேட்டிலர். முதலில் தண்ணீர், அடுத்துத் தேங்காய் துருவும் பொறி, பின்பு இடியப்ப உரல் முனகும் ஓசை. இரவே அரைத்த மாவைத் திறந்து மூக்கினால் நாடி பார்ப்பார் மாமனார். மழைக்காலத்துப் புளிப்பு வேறு, வெயிற்காலத்துப் புளிப்பு வேறு என்பது அவர் கற்ற பாடம். அவர் இருவகைத் தோசை வார்க்க வல்லவர்: வெந்தயமும் மஞ்சளும் தாளிதமும் சேர்ந்து, தடித்து மென்மையாய் வரும் யாழ்ப்பாணத் தோசை ஒன்று; செம்மையாய் மொறுமொறுத்து மடங்கும் இந்தியத் தோசை மற்றொன்று. எது சிறந்தது என்று வினவியபோது, "முன்னது வீட்டுக்கு, பின்னது காசுக்கு" என்றார். சுற்றிவளைப்புகள் மிகுந்த அந்நாளில், மாவரைக்கும்போதும் அடையாள அட்டையைப் பொலித்தீன் உறையிலிட்டு மடியிற் செருகியிருப்பார். அட்டை இல்லாத தோட்டத்துப் பையன்கள் கடைவாசலைத் தாண்டவே அஞ்சினர். கடலை ஒருமுறையேனும் காணாது ஓராண்டைக் கழித்த பையன் ஒருவனும் அங்கே இருந்தான். கடல் அங்கிருந்து முந்நூறு அடி.

இனி எங்கு உண்பது என்பதற்கு வருவோம்.

பம்பலப்பிட்டியிற் காலி வீதியிலுள்ள சரஸ்வதி லொட்ஜை அறியாத பழைய மாணவர் இரார். அங்கே அலங்காரம் தேடுவார் ஏமாறுவர். சூடான தோசையும் இரைச்சலும் விரைவுமே அதன் அழகு. ஷ்ரப்ரி கார்டன்ஸில் பழைய இல்லமொன்றில் அமைந்த கிரீன்லண்ட்ஸிலே, கோப்பி அருந்தியபடி ஒரு நாவலை முடித்த நினைவு எமக்குண்டு. எழுந்து போ என்று எவரும் சொன்னாரல்லர். வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் உள்ள வீதியிலேயே சண்முகாஸ் உண்டு. குளிரூட்டிய அறையும் பலவகைத் தோசைப் பட்டியலுமாக, விருந்தினரை அழைத்துச் செல்லத் தக்க இடம். எம் போன்றார் சம்பளம் வந்த வாரத்திற் செல்வது நன்று.

பெயர் சொல்லாத சிறு கடைகளே எமக்கு உவப்பானவை. ஒழுங்கை முகப்பில் நான்கு மேசையோடு நிற்கும் கடையிலே மாலை ஆறு மணிக்கு இடியப்பம் தட்டிலிருந்து இறங்கும். அந்த ஆவியோடு சொதியும் தேங்காய்ச் சம்பலும் சேருமானால், நண்பகலில் அப்பளம் பாயசத்தோடு பரிமாறப்படும் பெருஞ்சாப்பாட்டை எவரும் நாடார். நண்பகற் சாப்பாட்டில் எண்ணிக்கை மிகுதி, சுவை குறைவு என்பது எம் கருத்து, மாறுபடுவோர் மாறுபடுக. வடை, உருளைக்கிழங்கு போண்டா முதலியவற்றைத் தட்டம் நிறைய வைத்துச் சென்று, உண்டதை மட்டும் எண்ணிக் கணக்கிடும் பழைய வழக்கம் சில கடைகளில் உண்டு. மேசைக்கு மேசை சென்ற அந்தத் தட்டத்தைக் கண்டு முகஞ் சுளிப்போர், அடுப்பருகே நின்று புதிதாய் எடுத்த வடையைக் கேட்டு வாங்கலாம். பருத்தித்துறைத் தட்டை வடையைப் பொதியாகக் கட்டித் தருவர். இரத்தினபுரி வரை பழுதின்றி வரும். ஒடியற்கூழ் கிடைக்கும் இடங்களும் உள. நண்டும் இறாலும் மீனும் பலாக்கொட்டையும் கூடிக் கொதிக்கும் அதனைப் பற்றி இந்துக் கல்லூரி மலரில் விரித்துரைப்பது முறையன்று; சுவைத்தோம் என்பதோடு நிறுத்துவோம், மலராசிரியர் இவ்வரியை நீக்காதிருப்பாராக.

பருகுவதில் தேநீரே தலையாயது. அதனைச் சற்று விரித்துரைத்தல் எம் கடன். வடபுலத்தார் 'தேத்தண்ணி' என்பர். பாலின்றி இட்டதை எம் தோட்டத்தார் 'சாயத்தண்ணி' என்பர். காலி வீதியில் அதற்குப் பெயர் 'பிளேன்ரீ'. இலங்கைத் தேயிலையில் ஏறக்குறைய 60 வீதம், 600 மீற்றருக்குக் கீழே விளையும் தாழ்நிலத் தேயிலை. எம் இரத்தினபுரி இவ்வகைக்குப் பெயர்போனது. நீண்டு முறுகிய கரிய இலையாக அது கப்பலேறி ஈராக்குக்கும் துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் செல்கின்றது. கொழுந்து கொய்பவள் வீட்டுக்கு வருவது தூள். கடைக்கு வருவதும் பெரும்பாலும் தூளே, ஆயினும் கடைக்காரன் அதனைத் துணிப்பையிலிட்டு, கொதிநீரை உயரத்திலிருந்து ஊற்றி, ஆற்றி எடுக்கும் திறத்தாற் சுவை கூடிவிடுகின்றது. இன்னுமொன்று. மேசையில் வைக்கும் தண்ணீரையும் அருந்துவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. கித்துள்கலை, யட்டியாந்தோட்டை வழியே கேகாலை மாவட்டத்தை நனைத்துச் செல்லும் களனி கங்கையை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்தே கொழும்புக்கு ஊட்டுகின்றனர். தண்ணீரும் தேயிலையும் மலையிலிருந்து இறங்கி வருகின்றன. அவற்றைக் கலந்து கொடுக்கும் கையும் மலையிலிருந்தே இறங்கி வந்தது.

அக்கைகளில் ஒன்றை யாம் எழுதப் பழக்கியிருந்தோம். 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் வெள்ளவத்தைக் கடையொன்றிற் தோசைக்காக அமர்ந்திருந்தபோது, "சேர்" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தோம். மூன்றாண்டின் முன் பத்தாம் வகுப்போடு எம் பாடசாலையை விட்டுச் சென்றவன் தோசைக்கல்லின் முன் நின்றான். எச்சிற்றட்டுக் கழுவுவதில் தொடங்கி, மேசை துடைத்து, கல்லுக்கு உயர்ந்திருந்தான். அவ்வாண்டு சமையல் எரிவாயுவுக்கு நாடெங்கும் வரிசை. இரவிரவாகச் சிலிண்டரோடு வீதியிற் படுத்துக் கிடந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னான். உண்டு முடிந்ததும் எம்மைக் கடையின் பின்புறத்துக்கு அழைத்தான். முகம் மாறிவிட்டது.

"சேர், முதலாளி தம்பியையும் கூட்டிட்டு வரச் சொல்றார். அப்பா சரின்னுட்டார். ஒங்ககிட்ட கேட்க வருவார். நீங்க விடாதீங்க."

முதலாளி கடுமையானவரோ என்று வினவினோம்.

"இல்ல சேர், நல்லவர். சாப்பாடு, துணி எல்லாம் குடுப்பார். அதான் பயமா இருக்கு. வந்தா அவன் திரும்ப மாட்டான்."

தம்பி அப்பொழுது எம் வகுப்பில், பத்தாம் ஆண்டில். கணிதத்தில் வல்லவன், தமிழிற் சந்திப்பிழை மலிந்தவன். ஞாயிறன்று தந்தையார் வந்தார். முன்னே நின்ற கணக்கை அவரே சொன்னார். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயாக உயர்ந்தது உண்மை. அதே ஆண்டில் இரசாயன உரத்துக்குத் தடை வந்து கொழுந்து குறைந்தது. கொழுந்து குறையவே நிறை சேராமல், பெண்டிருக்கு முழுப் பேர் விழ வேண்டிய நாளில் அரைப் பேர் விழுந்தது. அடுத்த ஆண்டு கோதுமை மாவின் விலை பன்மடங்காயிற்று. தோட்டத்தில் காலை ரொட்டி, பகல் ரொட்டி, பிள்ளை பாடசாலைக்குக் கொண்டு வருவதும் ரொட்டியும் கட்டைச் சம்பலும். மாவு இல்லையேல் மூன்று வேளையும் இல்லை. பதினாறு வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்று 2016இல் விதித்தனர், பதினாறுக்குக் கீழே வேலைக்கு அமர்த்தலாகாது என்று 2021இல் சட்டம் திருத்தினர் என எடுத்துரைத்தோம்.

"சட்டம் மாவு வாங்கித் தருமா சேர்?" என்றார் அவர். "கடைக்குப் போனா மூணு வேள சோறு அவனுக்கு உண்டு. வீட்டில ஒரு வாய் கொறையும்."

கொட்டகலை ஆசிரிய கலாசாலையிற் பெற்ற பயிற்சியில் இவ்வினாவுக்கு விடை கற்பிக்கப்படவில்லை. யாம் பேசிய எதுவும் அவரை அசைத்திலது. அசைத்தது மூத்தவனின் காசு. பகலிற் தோசைக்கல், இரவிற் தேநீர் மேசை என இரட்டை வேலை ஏற்று, தம்பி கடைக்கு வந்தால் என்ன சம்பளமோ அதனை மாதந்தோறும் தானே அனுப்பினான். முதலாளியும் இணங்கினார். பாடசாலையில் ஆசிரியர் மூவர் கூடி, மாலை வகுப்புக்கு வருவோருக்கு அவித்த கடலையும் சாயத்தண்ணியும் கொடுக்கத் தொடங்கினோம். கடலைக்காக வந்த சிலர் கணிதமும் கற்றனர்.

2023ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2024 வைகாசியில் நடைபெற்றது. புரட்டாசியிற் பெறுபேறு வந்தது. தம்பி கணிதத்தில் திறமைச் சித்தியுடன் தேறி, இரத்தினபுரி நகரில் உயர்தர வகுப்பிற் சேர்ந்தான். தமிழிலும் தேறினான், சந்திப்பிழை தீராமலே. அவனோடு எழுதியவருட் சிலர் பெறுபேற்றுக்குக் காத்திராது, பரீட்சை முடிந்த வாரமே கொழும்பு பஸ் ஏறிவிட்டனர். அவர்களை யாம் தடுத்திலோம். அவர்கள் வீட்டில் இரட்டை வேலை பார்க்கும் தமையன் இல்லை. அவ்வாண்டில் நாட்சம்பளம் 1350 ரூபாயாயிற்று. அத்தொகையைக் கொண்டு காலி வீதியிற் குளிரூட்டிய கடையொன்றில் நால்வர் வயிறார ஒருவேளை உண்டு எழுதல் அரிது என்பதைக் கணக்கில் வல்லார் பார்த்துக்கொள்க.

இப்பொழுது வெள்ளவத்தை சென்றால் உண்ணுமுன் ஒன்று கேட்பது எமக்கு வழக்கமாயிற்று: "தம்பி, எந்தத் தோட்டம்?" பெரும்பாலும் ஒரு தோட்டத்தின் பெயர் விடையாக வரும். சிலர் தயங்கிக் 'கொழும்பு' என்பர். அவரை மேலும் வினவுவதில்லை. ஒருவன் பெயர் சொல்லியதும் இருமடங்கு சாம்பார் ஊற்றிவிட்டு, ஊரிலே மழையா என்று கேட்டான். இவர்களுக்கு ஏதேனும் கொடுக்க விரும்புவோர் மேசையில் வைத்துச் செல்லாது கையிற் கொடுத்தல் நன்று. மேசையில் வைத்தது யார் கைக்குப் போகும் என்பது கடைக்குக் கடை வேறுபடும்.

விழாவுக்கு வரும் வெளியூர் நண்பர்களுக்கு இறுதியாகச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமை நண்பகலிற் சைவ போசனசாலைகளில் இருக்கை கிடைப்பது அரிது. பன்னிரண்டுக்கு முன்னரோ இரண்டுக்குப் பின்னரோ செல்க. இறால் வடை வேண்டுவோர் காலிமுகத்திடலுக்குச் செல்வதே முறை. வெள்ளவத்தை மணலில் அதற்கு இடமில்லை. தேநீருக்கு உரிய வேளை மாலை ஐந்தரை. குவளையை வாங்கிக்கொண்டு மரீன் டிரைவில் நின்றால், பாணந்துறைப் புகைவண்டி வாயில்களிற் தொங்கும் மக்களோடு கடலை மறைத்துச் செல்லும். அது போனபின் கடல் மீண்டும் தெரியும். கடைப் பையன்களுக்கு ஓய்வு கிடைப்பதும் ஏறத்தாழ அந்நேரமே. இருவர் மூவராய்க் கருங்கல்லின் மேல் வந்து அமர்வர். குவளையைத் திருப்பிக் கொடுக்க அவர்களிடமே கொடுத்துவிடலாம், கடை வரை நடக்க வேண்டியதில்லை.